அக்யூரேட் என்ற சொல் பாலத்தில் மாட்டிக்கொண்ட கதை

என் மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறக்காதவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது, குறுக்கே பேசமாட்டார்கள். எனக்கு இப்போது பதினேழு வயது. உன் அப்பா யார், இந்த நேரத்தில் எந்தத் தோட்டத்தில் யார் வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ மகளாக வந்து சேர்ந்தால் 'மகனே' என்று வரும் இடங்களில் எல்லாம் 'மகளே' என்று வாசித்துக்கொள். சொல்லப்போவதில் வேறு எதுவும் மாறாது.

பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, கொழும்புக்கோ கட்டாருக்கோ பெட்டி கட்டும்போதுதான் பெற்றவர்கள் இந்த மாதிரிக் கடிதம் எழுதுவார்கள். அதற்குள் அவர்களுடைய ஞாபகம் அவர்களுக்கே சாட்சி சொல்லப் பழகியிருக்கும். என் அப்பா சின்ன வயதில் அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு நடந்தே வந்த கதையை எடுத்துக்கொள். நான் முதலில் கேட்டபோது தூறல்தான் போட்டது. அப்புறம் பெருமழை ஆனது. போன தீபாவளிக்குச் சொன்னபோது அதற்குள் ஒரு சிறுத்தையும் வந்துவிட்டது. நானும் உன் கல்யாணம் வரை காத்திருந்தால் நேற்றைய கதையில் பாலம் நூல் அளவுக்கு ஒடுங்கிவிடும், நான் ஒற்றைக் கையால் தேரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அதனால்தான் நேற்று நடந்ததை இன்றைக்கே எழுதுகிறேன். நீ வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் இதை உன் கையில் கொடுப்பேன்.

கதைக்கு முன் ஒரு ஆங்கிலச் சொல்லை உனக்கு அறிமுகப்படுத்த வேண்டும். பரீட்சைக் கட்டுரை ஒன்றில், அட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வழியில் இறம்பொடை நீர்வீழ்ச்சியை ரசித்ததாக எழுதியிருந்தேன். இறம்பொடை கண்டிப் பாதையில் இருக்கிறது. நான் சொன்ன பஸ் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. ஆங்கிலம் படிப்பிக்கும் சேர் சிவப்புப் பேனாவால் 'அக்யூரேட்டாக எழுது' என்று குறித்துக் கொடுத்தார். விடுவேனா? சண்டை பிடிப்பதற்காகவே போனில் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டினேன். லத்தீனில் 'கூரா' என்றால் அக்கறை. ஒன்றை நோக்கி அக்கறையைத் திருப்பி, பார்த்துப் பார்த்துச் செய்து முடித்தது எதுவோ, அதுதான் முதலில் அக்யூரேட். 'பிழை இல்லாதது' என்ற பொருள் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. அக்கறையாகச் செய்தால் சரியாகத்தான் வரும் என்று நம்பிய யாரோ ஒரு அப்பாவியின் வேலையாக இருக்க வேண்டும்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றேன். "சேர், லத்தீன்படி பார்த்தா என் கட்டுரை அக்யூரேட்தான். நான் ரொம்ப அக்கறையா எழுதினேன்."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப ரொம்ப அக்கறையா தப்புப் பண்ணியிருக்க. ஒக்காரு."

வகுப்பே சிரித்தது, நானும்தான். ஆனால் தோண்ட ஆரம்பித்த கை நிற்கவில்லை. 'ப்ரிசைஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. நாம் இரண்டையும் ஒரே பானையில் போட்டுத் துல்லியம் என்று சொல்லிவிடுகிறோம். ப்ரிசைஸின் வேரில் கிடப்பதோ 'முன்னால் வெட்டிவிடுவது'. நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் நறுக்கித் தள்ளிய பிறகு மிச்சம் நிற்பதுதான் ப்ரிசைஸ். கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டிக்கொண்டு போகும் எங்கள் ஆட்களிடம் சொன்னால், இதற்குப் போய் லத்தீன் எதற்கு என்று கேட்பார்கள். அப்புறம் 'செக்யூர்'. அதுவும் கூராவின் வீட்டுப் பிள்ளைதான். அங்கே கூரா என்பதற்குக் கவலை என்று பொருள். கவலை இல்லாமல் இருப்பதுதான் செக்யூர். இதை வாசித்தபோது எனக்குச் செல்வியின் ஞாபகம் வந்தது.

செல்வி என் கூட்டாளி, கீழ்க்கணக்குப் பெண். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் கணக்கு என்போம், நான் மேக்கணக்கு. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆறு ஓடுகிறது. முன்பெல்லாம் இரண்டு கணக்குக்கும் தனித்தனி அம்மன் கோயில், தனித்தனித் தேர். திருவிழா வந்தால் இரண்டு ஒலிபெருக்கிகளும் ஆற்றுக்கு மேலே சண்டை போடும். பிறகு ஒரு பேய்மழை வந்தது. கீழ்க்கணக்குக்கு மேலே இருந்த மலை சரிந்து, கோயிலையும் வரிசை வீடுகளான இரண்டு லயங்களையும் மூடியது. ஆட்கள் முன்கூட்டியே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டதால் உயிர்கள் தப்பின. ஆறு பழைய பாலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. இப்போது அந்த இடத்தில் ஒரு இரும்புப் பாலம் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரும்புச் சட்டம். செல்வியின் குடும்பம் தற்காலிகக் குடிலில் இருக்கிறது. சாமிக்கும் குடில்தான், ஒரு தகரக் கொட்டகையில் சூலத்தை நட்டுக் கும்பிடுகிறார்கள். அவர்களுக்கு இந்த வருஷம் தேர் இல்லை.

எங்கள் கோயில் கூட்டத்தில் இதைப் பேசினார்கள். கோயில் தலைவர், வெள்ளைச் சட்டையை எப்போதும் இஸ்திரிப் பெட்டி மடிப்போடு போட்டிருக்கும் மனுஷர், கடைசியில் எழுந்து சொன்னார்: "அவங்க ஆத்தாவ மண்ணு மூடிருச்சு. இந்த வருசம் நம்ம ஆத்தா பாலத்தத் தாண்டிப் போய் அவங்களப் பாத்துட்டு வரட்டும்." கை தட்டியதில் என் உள்ளங்கை சிவந்துவிட்டது. உடனே செல்விக்குப் போன் போட்டேன்.

"நெசமாவாடி?" என்றாள். "நீ சொன்னா நம்ப மாட்டேன். ஒங்கம்மாகிட்டப் போனக் குடு."

அவளைக் குறை சொல்ல முடியாது. போன வருஷம் கோயில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுக்குப் பதிலாக என் தம்பியின் குறட்டையை ஓடவிட்டவள் நான். தலைவர் அதைக் கேட்டுவிட்டு யாரோ மாட்டைக் கொல்கிறார்கள் என்று ஓடி வந்தார். இப்படியொரு பெயரை வைத்துக்கொண்டுதான், புதுப் பாலத்தை யார் அளப்பது என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். பையன்கள் எல்லாம் பல்ப் மாலை கட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். நான் உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கிறேன் என்று அம்மாவும் பெருமையாக எடுத்துவிட்டாள். தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாலத்த அளக்கணும். பகிடி பண்ணக் கூடாது." தேர் வேலையில் ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் அளவுப் பொறுப்பைக் கொடுத்தது எங்கள் கணக்கில் அதுதான் முதல் தடவை. கெடுத்தால் அதுவே கடைசியாகவும் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மகனே, நான் பகிடி பண்ணவில்லை. ராஜன் மாமாவின் இரும்பு டேப்பில் முனை உடைந்திருந்தது. எங்கிருந்து எண்ணுவது என்பதில் அவருக்கும் டேப்புக்குமே தகராறு. அதனால் அம்மாவின் மட்டக்கம்பை எடுத்துக்கொண்டு போனேன். கொழுந்து எடுக்கும்போது செடியின் மேல்தளம் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்க, செடிக்கு மேலே படுக்கப் போட்டுப் பார்க்கும் கம்பு அது. கொழுந்துக்குப் போகிற எல்லா வீட்டிலும் ஒன்று மூலையில் சாய்ந்திருக்கும். பாலத்தின் இந்த முனையில், நடுவில், அந்த முனையில் என்று வைத்து வைத்து அளந்தேன். எங்கே வைத்தாலும் மூன்று கம்பு, ஒரு சாண். தலைமுடி அளவு பிசகில்லை. மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மாமா தோட்டத்துத் தச்சர். தேருக்கு இரண்டு பக்கமும் பலகையில் மயில் இறக்கை செதுக்கி, உள்ளே நீலமும் பச்சையுமாகப் பல்ப் வைக்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. "மூணு கம்பு, ஒரு சாணா? அந்தச் சாண விட்டுட்டு மூணு கம்புக்கு அடிக்கிறேன், சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும்" என்றார். போனார், வீட்டு மூலையில் இருந்த கம்பை எடுத்தார், இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை மூன்று கம்புக்குத் தேரை அடித்து முடித்தார். அவர் வேலையிலும் தலைமுடி அளவு பிசகில்லை.

நேற்று மத்தியானம் தேர் புறப்பட்டது. உனக்கு எப்படிச் சொல்வேன்! தேயிலைக்கு நடுவே வளைந்து இறங்கும் பாதையில், பனிமூட்டத்துக்குள்ளே பட்டப்பகலில் நீலப் பல்பும் பச்சைப் பல்பும் எரிய, மயில் ஒன்று மலை இறங்குவது போல ஆத்தா போனாள். முன்னால் தப்பு மேளம் முழங்கியது. தேரை இழுத்த ட்ராக்டரை ஓட்டியது பக்கத்துச் சிங்களக் கிராமத்து நிமல் அண்ணன். ஒவ்வொரு வளைவிலும் எல்லோரும் "ஹெமின், ஹெமின்" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கத்த, அவர் "பயம் வேணாங், நா இருக்கு" என்று தமிழில் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் கீழ்க்கணக்கு முழுக்க நின்றது. தட்டில் தேங்காய், பழம், கற்பூரம். செல்வி என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

ட்ராக்டர் பாலத்தில் ஏறியது. அதன் பின்னால் தேர் வந்து, டொக் என்று நின்றது.

இரண்டு இறக்கையும் இரண்டு பக்கத்து இரும்பிலும் இடித்துக்கொண்டு நின்றன. தப்பு ஓய்ந்தது. அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த செல்வியின் கைகள் அப்படியே காற்றில் நின்றன.

"நீ சொன்ன அளவுதானேடி புள்ள!" என்றார் ராஜன் மாமா. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "இதுவும் ஒன் பகிடியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். தலைவர் தேரைப் பார்த்தார். "திருப்புங்க. மேலயே பூசைய வச்சிக்குவோம். அவங்க வேணும்னா நடந்து வரட்டும்" என்றார். இது கெட்ட மனசால் வந்த பேச்சு இல்லை. ஆனால் வாசல் வரை வந்த சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது எப்படி இருக்கும், யோசித்துப் பார். அந்தப் பக்கம் ஒரு அம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டாள். செல்வியின் அம்மாதான் அது.

எனக்கு ஆத்திரம் வந்தது. "மாமா, நான் அளந்தது சரி. மூணு கம்பு, ஒரு சாண். நீங்க எந்தக் கம்பால அளந்தீங்க?"

"கம்புன்னா கம்புதானே! மூலையில இருந்துச்சு, எடுத்தேன்."

"எந்த மூல?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். மாமாவின் மனைவி பாக்கியம் அத்தை. எங்கள் கணக்கிலேயே உயரமான பொம்பளை. "யோவ், எங்கம்பயா எடுத்த? நா ஒசரம், என் கைக்குத் தக்கன வெட்டி வச்சிருக்கேன். அதத் தொடாதன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்!"

"அப்ப எங்கம்பு குட்டைங்கிறியா?" என்று என் அம்மா கிளம்பினாள்.

"கம்பு குட்டையில்ல மதினி, நீங்கதான் குட்ட."

சிரித்துவிட்டேன். தேர் நின்ற இடத்தில், தலைவர் முன்னால், சிரித்துவிட்டேன். அழுகை வருவதற்காகத் திறந்த வாயில் சிரிப்பு வந்தது. இதுதானா! பாலத்தில் பிழை இல்லை, தேரில் பிழை இல்லை, இரண்டு கம்பிலும்கூடப் பிழை இல்லை. ஒவ்வொருத்தியும் தன் கைக்குத் தக்கபடி வெட்டிக்கொண்ட கம்பு. நானும் மாமாவும் ப்ரிசைஸாகத்தான் இருந்தோம், நறுக்கென்று. அது யார் கம்பு என்று கேட்கும் அக்கறை மட்டும் இரண்டு பேருக்கும் இல்லை. கூரா இல்லை. சேர் சொன்னதை நான் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், ரொம்பச் சரியாகத் தப்புப் பண்ணியிருந்தோம். இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்லும் ஒரே புத்திமதி இதுதான். உன்னை யாராவது குட்டை என்றால், உன் படிப்புப் போதாது என்றால், உன் சம்பளம் காணாது என்றால், உடனே குனிந்துவிடாதே. எந்தக் கம்பால் அளந்தீர்கள் என்று கேள். நீ யாரையாவது அளக்கப் போகும்போதும் அதே கேள்வியை உன்னிடம் கேட்டுக்கொள்.

ஆனால் காரணம் தெரிந்ததால் தேர் நகர்ந்துவிடாதே. இறக்கைகளைக் கழற்ற முடியாது, மேல்கூரையைத் தாங்கும் கால்களோடு சேர்த்து அடித்திருந்தார் மாமா. இடிக்கிற நுனிகளை மட்டும் வெட்டலாம் என்றேன். மாமா பின்வாங்கினார். "சாமி ஏறுன தேர்ல ரம்பம் வைக்கச் சொல்றியா? எங்கைக்கு வராது."

பாக்கியம் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஆத்தாவுக்கு எறக்க பெருசா, அங்குட்டு நிக்கிற சனம் பெருசா? எல்லாத்தையும் மண்ணுக்குக் குடுத்துட்டு நிக்குதுங்க. நீ அஞ்சு வெரக்கட பலகைக்கு அழுவுற. வெட்டுய்யா."

மாமா தலைவரைப் பார்த்தார். தலைவர் அந்தக் கரையைப் பார்த்தார், தரையில் இருந்த தட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம், "எவ்வளவு வெட்டணும்? அளந்து சொல்லு" என்றார். என்னிடம்! மறுபடியும்! எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது.

இந்த முறை கம்பும் இல்லை, சாணும் இல்லை. பூசைத் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்தேன். இரும்பு எங்கே பலகையில் இடிக்கிறதோ, அந்த இடத்திலேயே கோடு போட்டேன். அடுத்த பக்கம் போக வழியில்லை, தேர் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. "செல்வி! அங்குட்டுப் பக்கம் நீ போடு!" என்று கத்தினேன். பாலத்தில் ஓடி வந்தாள். ட்ராக்டருக்கும் இரும்புக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு வந்து தேரின் மறுபக்கம் நின்றாள்.

"குங்குமத்தால கோடா? நம்பலாமாடி ஒன்ன?"

"என்ன நம்பாத. இரும்பு இடிக்கிற எடத்த நம்பு. ஒரு வெரக்கட உள்ள தள்ளிப் போடு."

போட்டாள். மாமா தேரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரம்பத்தை வைத்தார். ரம்பம் இழுபடும் சத்தத்துக்குத் தப்புக்காரர்கள் முதலில் மெதுவாக, பிறகு வேகமாக அடி சேர்த்தார்கள். பலகைத் தூள் ஆத்தாவின் காலடியில் மஞ்சள் மாதிரி உதிர்ந்தது. இரண்டு நுனிகளும் விழுந்தன. நிமல் அண்ணன் ட்ராக்டரை உயிர்ப்பித்தார். இந்த முறை யாரும் ஹெமின் என்று கத்தவில்லை, எல்லோரும் குனிந்து இரும்பையே பார்த்தார்கள். இரும்புக்கும் இறக்கைக்கும் நடுவில் ஒரு விரல் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சம் பாலம் முழுக்க எங்களோடு கூடவே வந்தது. சக்கரம் அந்தக் கரை மண்ணைத் தொட்டதும் எழுந்த சத்தத்தில் மலை இன்னொரு முறை சரியுமோ என்று பயந்தேன்.

செல்வியின் அம்மா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தேருக்கு முன்னால் வந்து நின்றாள். கும்பிடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆத்தாவை ஏறிட்டுப் பார்த்தாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா ஒனக்கு? மண்ணு வந்தப்ப எங்க போயிருந்த?" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். எங்கள் அம்மா, அத்தை, தலைவர் எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இது அக்யூரேட்டான கடிதம்.

வெட்டி விழுந்த இரண்டு நுனிகளையும் பாக்கியம் அத்தை அங்கேயே விட்டுவிடவில்லை. ஒன்றை அவளும் ஒன்றைச் செல்வியின் அம்மாவும் தூக்கிக்கொண்டு தேருக்குப் பின்னால் நடந்தார்கள். தகரக் கொட்டகையின் வாசலில், சூலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று நட்டு, செல்வி அவற்றுக்குக் குங்குமம் வைத்தாள். தேர் மேலே திரும்பும் நேரம் வந்தது. தலைவர், "ராசன், அதுகள எடுத்துக்க, ஆணி வச்சு ஒட்டிரலாம்" என்றார்.

மாமா கொட்டகை வாசலைத் திரும்பிப் பார்த்தார். "இருக்கட்டும்ங்க. அங்கதான் எடுப்பா இருக்கு."

நாங்கள் குட்டை இறக்கையோடு மலை ஏறினோம். அப்படியொரு அழகான தேரை நான் பார்த்ததில்லை என்று சொன்னால் அது என் அப்பாவின் சிறுத்தை மாதிரி ஆகிவிடும். பார்க்க அது கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மாதிரித்தான் இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

மகனே, நீ எந்த ஊருக்குக் கிளம்பினாலும் கிளம்பும் முன்னே ஒரு நடை பாலத்தைத் தாண்டிக் கீழ்க்கணக்குக்குப் போய் வா. நான் எழுதியது சரியா என்று உன் கண்ணால் பார். தகரக் கொட்டகை வாசலில் அந்த இரண்டு மயில் இறக்கைகளும் நிற்க வேண்டும். ஆனால் அவை என்றைக்கும் அங்கேயே நிற்க வேண்டும் என்பது என் ஆசை இல்லை. கொட்டகையும் இல்லாமல், இறக்கையும் இல்லாமல் இருந்தால் அம்மா பொய் சொல்லிவிட்டாள் என்று சண்டைக்கு வந்துவிடாதே. அவர்கள் கல்லில் கோயில் கட்டி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். உள்ளே போய், எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வா.

உன்னைக் காணும் முன்பே உன்னோடு இவ்வளவு பேசிவிட்ட,
உன் அம்மா